பதம் பார்த்த தகடுகள்

பழமொழிகள் குறித்து இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பொருளை விளக்க முற்பட்டோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அந்த ஒரு சோற்றை எடுப்பது யார் ஐயா?" என்று கேட்டார். சமைத்தவரா, சாப்பிடப் போகிறவரா என்பது அவருடைய ஐயம். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்து அடுத்த பழமொழிக்குச் சென்றுவிட்டோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. சில மாதங்கள் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே கேள்வி எஃகுத் தகடாக உருமாறி எதிரில் வந்து நின்றது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முதலில் சொல் பற்றிச் சிறிது. தமிழாசிரியர் எழுதும் கட்டுரையில் இது தவிர்க்க முடியாதது; வாசகர்கள் பொறுத்தருள்க. 'பதம்' என்ற சொல்லை அடுப்படியில் பயன்படுத்துவது போலவே கொல்லர் உலையிலும் பயன்படுத்துகிறோம். சோறு வெந்த பக்குவமும் பதம்தான். அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தெடுக்கும்போது அதற்கு வாய்க்கும் பக்குவமும் பதம்தான். 'எஃகு' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு சுவையான வரலாறு உண்டு. சங்க நூல்களில் அது உலோகத்தை மட்டுமன்றி வேலையும் குறிக்கும். அதாவது, நம் முன்னோர் எஃகு என்றவுடன் நினைத்தது குத்தும் பொருளை. தடுக்கும் பொருளை அன்று. எஃகு கேடயமாவதற்கு, அதுவும் ஒரு கப்பலையே போர்த்தும் கேடயமாவதற்கு, நெடுங்காலம் பிடித்தது.

1859ஆம் ஆண்டு பிரான்சு 'குளோர்' என்னும் இரும்புக் கவசக் கப்பலைக் கடலில் இறக்கியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து 'வாரியர்' கப்பலை இறக்கியது. வாரியரின் பக்கவாட்டில் நாலரை அங்குலத் தடிமனில் தேனிரும்புத் தகடு. அதன் பின்னே தேக்கு மரத்தாலான தாங்கல். அன்றைய பீரங்கிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் பீரங்கி வளர்ந்தது. தகடும் வளர வேண்டியதாயிற்று. 1881இல் பணியேற்ற 'இன்ஃப்ளெக்ஸிபிள்' கப்பலில், இரண்டு அடுக்குகளையும் சேர்த்து, தேனிரும்பு இருபத்து நான்கு அங்குலத்தைத் தொட்டுவிட்டது. இரண்டடிச் சுவரைச் சுமந்துகொண்டு ஒரு கப்பல் எவ்வளவு தூரம் போகும்? தடிமனைக் கூட்டிக்கொண்டே போகும் வழி அடைபட்டுவிட்டது. இனிச் செய்யக்கூடியது ஒன்றுதான்: தகட்டின் தரத்தைக் கூட்டுவது.

எந்தத் தகடு தரமானது என்பதை எவ்வாறு அறிவது? இத்தாலியக் கடற்படை அதற்கு நேரான வழி ஒன்றைக் கண்டது. 'துயீலியோ', 'தாந்தொலோ' என்ற இரு பெருங்கப்பல்களைக் கட்டிக்கொண்டிருந்த அந்நாடு, 1876இன் இலையுதிர்காலத்தில், ஸ்பெசியா துறைமுகத்தை அடுத்த முஜானோவில் தகடுகளை வரிசையாக நிறுத்தி அவற்றின்மீது பீரங்கியால் சுட்டுப் பார்த்தது. பீரங்கி, இங்கிலாந்தின் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் செய்தது. எடை நூறு டன். எறியும் குண்டின் எடை ஏறத்தாழ 900 கிலோ. தகடுகள் இருபத்திரண்டு அங்குலத் தடிமன் கொண்டவை. புகழ்பெற்ற தேனிரும்புத் தகடுகளோடு, பிரான்சின் க்ரூசோ நகர ஷ்னைடர் ஆலை அனுப்பிய மென் எஃகுத் தகடும் வரிசையில் நின்றது.

நூறு டன் பீரங்கி முழங்கியதும் தேனிரும்புத் தகடுகளை ஊடுருவிக்கொண்டு குண்டு பின்பக்கம் போயிற்று. எஃகுத் தகடோ சுக்குநூறாக உடைந்தது; ஆனால் குண்டு உள்ளே போகவில்லை. இப்போது வெற்றி யாருக்கு? உடையாமல் துளைபட்டதற்கா, துளைபடாமல் உடைந்ததற்கா? இரு தரப்பு வழக்கறிஞர்களும் வாதாடத் தோதான தீர்ப்பு இது. உள்ளே இருக்கும் மாலுமியின் இடத்தில் நின்று பார்த்தால் விடை எளிது. இத்தாலியர் அந்த இடத்தில் நின்றே பார்த்தனர், எஃகைத் தேர்ந்தனர்.

தோற்ற இங்கிலாந்து ஆலைகள் சும்மா இருக்கவில்லை. ஷெஃபீல்டு நகரின் கேமல், ஜான் பிரவுன் ஆலைகள் கலப்புக் கவசம் என்ற ஒன்றை உருவாக்கின. முகப்பில் கடினமான எஃகு, முதுகில் மென்மையான தேனிரும்பு. இரண்டையும் ஒட்டிப் பிணைத்த தகடு. எண்ணம் சரியானதே. கடினமான பொருள் குண்டை நொறுக்கும், ஆனால் தானும் நொறுங்கும். மென்மையான பொருள் நொறுங்காது, ஆனால் குண்டுக்கு வழிவிடும். முகம் கடினமாகவும் முதுகு இளகியதாகவும் அமைந்தால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். கிராமத்துக் கொல்லர் அரிவாளின் வாயை மட்டும் பதப்படுத்தி முதுகை விட்டுவிடுவது இதனால்தான். ஆனால் ஷெஃபீல்டு செய்தது ஒட்டு வேலை. அந்த ஒட்டின் வலிமை 1890 செப்டம்பரில், அமெரிக்காவின் அன்னாபொலிஸில் வெளிச்சத்துக்கு வந்தது.

அமெரிக்கா அப்போதுதான் புதிய கடற்படையைக் கட்டத் தொடங்கியிருந்தது. பத்தரை அங்குலத் தடிமனில் மூன்று தகடுகளை வரவழைத்தனர்: கேமல் ஆலையின் கலப்புக் கவசம், ஷ்னைடரின் எஃகு, ஷ்னைடரின் நிக்கல் கலந்த எஃகு. ஒவ்வொன்றின் நான்கு மூலைகளிலும் ஆறு அங்குலப் பீரங்கியால் ஒவ்வொரு குண்டு. நான்கு நாட்கள் கழித்து நடுவில் எட்டு அங்குலப் பீரங்கியால் ஒரு குண்டு. கலப்புக் கவசத்தின் முகம் முதுகைவிட்டுப் பெயர்ந்து சிதறிப் போயிற்று. சாதாரண எஃகு குண்டுகளை நன்றாகவே தடுத்தது. எட்டு அங்குலக் குண்டில் விரிசல் கண்டது. நிக்கல் எஃகு விரிசலும் காணாமல் நின்றது. அந்தச் செய்தி வாஷிங்டனை அடைந்த வேகத்தை, நிக்கல் வாங்குவதற்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் பத்து இலட்சம் டாலர் ஒதுக்கியதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹேவர்டு அகஸ்டஸ் ஹார்வி என்பவர், ஒட்டு வேலை இல்லாமலேயே முகத்தைக் கடினமாக்கும் வழியைக் கண்டார். தகட்டின் முகத்தைக் கரியோடு சேர்த்துப் பல நாட்கள் உலையில் வைத்திருந்தால் கரி சிறிது சிறிதாக எஃகுக்குள் இறங்கும். பின்பு தண்ணீரைப் பாய்ச்சித் திடீரெனக் குளிர வைத்தால் முகம் மட்டும் கண்ணாடிபோல் கடினமாகும். ஜெர்மனியின் க்ரூப் ஆலை குரோமியத்தையும் சேர்த்து இதை மேலும் செம்மைப்படுத்தியது.

இங்கேதான் நம் மாணவியின் கேள்வி உள்ளே நுழைகிறது. தேனிரும்புக் காலத்தில் தடிமன் என்பது அளவுகோலால் அளக்கக்கூடியது. யாரும் பார்த்துச் சொல்லலாம். இப்போதோ, நல்ல தகட்டையும் மோசமான தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் காய்ச்சினார்கள், எப்போது தண்ணீரில் தோய்த்தார்கள், மீண்டும் எந்த அளவுக்கு இளக்கினார்கள் என்பதிலேயே அதன் உயிர் இருக்கிறது. பதம் என்பது நடந்து முடிந்த செயல். அதைத் தகடு தன் வாயால் சொல்லாது. ஆகவே தாள்கள் சொல்ல வேண்டியிருந்தது. தாள்களுக்குச் சாட்சியாக முத்திரைகள் வேண்டியிருந்தன. முத்திரைகளுக்குக் காவலாக ஆய்வாளர்கள் வேண்டியிருந்தார்கள்.

அமெரிக்கக் கடற்படை வகுத்த முறை இவ்வாறு அமைந்திருந்தது. ஆலைக்குள்ளேயே கடற்படை ஆய்வாளர்கள் இருப்பார்கள். தகட்டிலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுத்து முத்திரை குத்தி, இழுவை எந்திரத்தில் கொடுத்து, எவ்வளவு விசையில் அறுகிறது, அறுவதற்கு முன் எவ்வளவு நீள்கிறது என்று குறிப்பார்கள். வெப்பச் செயல்முறைகள் ஏட்டில் பதிவாகும். இவையெல்லாம் முடிந்தபின், ஒரு தொகுதித் தகடுகளிலிருந்து ஒன்றை ஆய்வாளர் தேர்ந்தெடுப்பார். அது மேரிலாந்தின் இந்தியன் ஹெட் சோதனைத் திடலுக்குச் செல்லும். அங்கே அதன்மீது பீரங்கியால் சுடுவார்கள். அது தாங்கினால், ஆலையில் காத்திருக்கும் மற்றத் தகடுகள் அனைத்தும் தேறியவையாகக் கப்பலுக்குப் போகும். சுடப்பட்ட தகட்டைப் பின்னர்க் கப்பலில் பொருத்த முடியாது. கப்பலில் பொருத்தப்பட்டவையோ ஒருபோதும் சுடப்படாதவை. ஒரு பானை, ஒரு சோறு. இதைவிட நேர்மையான முறை வேறு இல்லை. ஒரே நிபந்தனை, அந்தச் சோறு அந்தப் பானையில் வெந்ததாக இருக்க வேண்டும்.

பென்சில்வேனியாவின் பெத்லகேம் ஆலை 1887இலேயே கவச ஒப்பந்தம் பெற்றிருந்தது. ஆனால் தகடுகள் வந்து சேரத் தாமதமாயிற்று. எனவே கடற்படை 1890 நவம்பரில் ஆண்ட்ரூ கார்னெகியின் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்தது. சமாதானத்தின்மேல் பற்றுக் கொண்டவர் என்று பெயரெடுத்த கார்னெகி, பீரங்கி செய்ய மாட்டேன், கவசம் செய்வேன் என்ற நிலையை எடுத்தார். கவசம் யாரையும் கொல்வதில்லை என்பது அவருடைய நியாயம். தகடுகள் பிட்ஸ்பர்க் அருகே மொனொங்கஹேலா ஆற்றங்கரையில் இருந்த ஹோம்ஸ்டெட் ஆலையில் உருவாயின.

ஹோம்ஸ்டெட் என்ற பெயரைத் தொழிலாளர் வரலாறு படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1892 ஜூலை 6 அன்று, கதவடைப்புக்கு ஆளான தொழிலாளர்களுக்கும், ஆற்றுவழியே படகுகளில் கொண்டுவரப்பட்ட பிங்கர்ட்டன் கூலிக்காவலர்களுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை நடந்தது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. மாநிலப் படை வந்து ஆலையைக் கைப்பற்றியது. அந்த நவம்பரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. தொழிற்சங்கம் ஆலையிலிருந்து துடைத்தெறியப்பட்டது. சார்லஸ் ஷ்வாப் என்ற முப்பது வயதுக்காரர் ஆலையின் மேற்பார்வையாளராக அமர்ந்தார்.

1893ஆம் ஆண்டு, கவசப் பிரிவில் வேலை பார்த்த தொழிலாளர் சிலர் பிட்ஸ்பர்க் வழக்கறிஞர் ஒருவர் வழியாகக் கடற்படைச் செயலர் ஹிலரி ஹெர்பர்ட்டை அணுகினார்கள். அவர்கள் கையில் இருந்தவை வெறும் வாய்ச்சொற்கள் அல்ல, ஆலையின் குறிப்புகள். கடற்படை அமைத்த குழுவும், 1894இல் நாடாளுமன்றக் கீழவையின் கடற்படைக் குழுவும் விசாரித்து வெளிக்கொணர்ந்தவற்றைப் படிக்கும்போது, ஏமாற்றுவதற்கு மனித மூளை எடுத்துக்கொள்ளும் உழைப்பை எண்ணி வியப்பதா வெட்குவதா என்று தெரியவில்லை.

தகடுகளுக்கு ஒரே சீரான வெப்பச் செயல்முறை நடைபெறவில்லை. ஆனால் ஏட்டில் நடைபெற்றதாக எழுதப்பட்டது. வார்ப்பின்போது காற்று அகப்பட்டு உண்டான குழிகளை ஆய்வாளர் கண்ணில் படாதவாறு அடைத்து மூடினார்கள். ஆய்வாளர் முத்திரையிட்ட துண்டுகளுக்குப் பதிலாக, வேறு நல்ல தகட்டிலிருந்து எடுத்த துண்டுகள் சோதனைக்குச் சென்றன. அதற்காக ஆய்வாளரின் முத்திரையே களவாகப் பயன்படுத்தப்பட்டது. இழுவை எந்திரத்தின் அளவுகளிலும் கைவரிசை காட்டினார்கள்.

இவற்றுள் நம்மை மிகவும் நிறுத்தி வைத்த செய்தி வேறு. இந்தியன் ஹெட் திடலுக்கு அனுப்புவதற்காக ஆய்வாளர் ஒரு தகட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் செல்வார். அவர் இல்லாத நேரத்தில் அந்தத் தகட்டை மட்டும் மீண்டும் உலையிலேற்றி, முறையாகக் காய்ச்சி, முறையாகக் குளிர வைத்து, நல்ல பதத்துக்குக் கொண்டுவந்து, பழையபடியே இருந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். மறுநாள் வருபவர் அதே எண், அதே முத்திரை, அதே தகட்டைப் பார்ப்பார். பானையிலிருந்து எடுத்த சோற்றைத் தனியே வேக வைத்துத் திரும்பக் கொடுப்பதற்கு இது ஒப்பாகும். சோதனைத் திடலில் சுட்ட பீரங்கி உண்மையானது. தாங்கிய தகடும் உண்மையாகவே தாங்கியது. பொய் இருந்த இடம் ஒன்றே ஒன்று: அந்தத் தகட்டுக்கும் அதன் உடன்பிறப்புகளுக்கும் இடையே இருந்ததாக எல்லோரும் நம்பிய உறவு.

நல்ல பதத்துக்குக் கொண்டுவரத் தெரிந்திருந்தது என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். அறியாமையால் நேர்ந்த பிழையன்று இது. ஒரு தகட்டுக்குச் செய்ய முடிந்ததை எல்லாத் தகடுகளுக்கும் செய்திருக்கலாம். அதற்கு உலை நேரம் வேண்டும், நிலக்கரி வேண்டும், நாட்கள் வேண்டும். ஒப்பந்தமோ ஏற்கெனவே காலந்தாழ்ந்து நின்றது.

நிறுவனத்தின் மறுமொழி என்ன? மோசடி நடக்கவே இல்லை என்று ஷ்வாப் முழுதாக மறுக்கவில்லை. ஆய்வாளர்களின் விதிகள் தேவையற்ற கெடுபிடி என்றும், அவற்றைச் சுற்றிக் கடந்ததால் தகடுகளுக்குக் கேடில்லை என்றும் அவர் தரப்பில் வாதாடினார்கள். கூடவே, புகார் சொன்னவர்களின் யோக்கியதையைப் பற்றியும் பேசினார்கள். அதற்கு இடமும் இருந்தது. தகவல் தந்தவர்கள் அதைச் சும்மா தரவில்லை; விதிக்கப்படும் அபராதத்தில் கால்பங்கு தமக்கு வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள்.

காசுக்குச் சொன்ன உண்மை உண்மையாகுமா என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அவர்களைக் குறைசொல்ல மாட்டோம். சங்கம் இருந்திருந்தால், ஒரு தொழிலாளி தன் மேலாளரைப் பற்றிப் பேசிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர ஓரளவு வழி இருந்திருக்கும். சங்கத்தை ஓராண்டுக்கு முன்புதான் துப்பாக்கியால் அகற்றியிருந்தார்கள். பேசினால் வேலை போகும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆலையும் சேர்த்துக்கொள்ளாது. அவர்கள் கேட்டது விலை என்பதைவிட, பேசியபின் உண்ணுவதற்கான சோறு என்றே நமக்குத் தோன்றுகிறது.

கடற்படை, குறிப்பிட்ட காலத்தில் செய்யப்பட்ட தகடுகளின் விலையில் 15 விழுக்காட்டை அபராதமாக விதித்தது. கார்னெகி நேராகக் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்துக்கு எழுதினார். தலைவர் அதை 10 விழுக்காடாகக் குறைத்தார். தொகை ஏறத்தாழ 1,40,000 டாலர். கீழவைக் குழுவின் அறிக்கை மிகக் கடுமையான சொற்களில் நிறுவனத்தைச் சாடியது. ஆனால் அபராதம் என்பதன் பொருளைச் சற்று நின்று பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். விலையில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு தகடுகளை ஏற்றுக்கொள்வது என்பதே அதன் பொருள். குறைப்பட்ட துணியைக் கடைக்காரர் தள்ளுபடியில் கொடுப்பது போல. அந்தத் தள்ளுபடித் தகட்டின் பின்னால் நிற்கப்போகும் மாலுமியிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

1898 ஜூலை 3 அன்று, கியூபாவின் சாந்தியாகோ துறைமுகத்துக்கு வெளியே அமெரிக்கக் கப்பற்படை ஸ்பானியக் கப்பல்களை எதிர்கொண்டு அழித்தது. அமெரிக்கத் தரப்பில் இறந்தவர் ஒரே ஒருவர். கவசத்தின் வெற்றி என்று இதைக் கொண்டாட இயலாது. ஸ்பானியக் குண்டுகள் பெரும்பாலும் குறி தவறிக் கடலில் விழுந்தன. ஹோம்ஸ்டெட் தகடுகளைப் பற்றிய கேள்விக்கு எதிரியும் விடை சொல்லாமலே போய்விட்டான்.

நம் கல்லூரிகளிலும் இந்த ஹோம்ஸ்டெட் உலை எரிவதுண்டு. ஆய்வுக் குழு வருகிறது என்றால், அக்குழு நடந்து செல்லும் வழியில் உள்ள வகுப்பறைகளுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கப்படுவதை இருபதாண்டு ஆசிரியப் பணியில் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒருமுறை, முந்தைய மூன்றாண்டுக்கான மன்றக் கூட்டக் குறிப்பேடுகளை ஒரே இரவில் எழுதி முடித்த குழுவில் நாமும் ஒருவராக உட்கார்ந்திருந்தோம். மை ஒரே நிறமாக இருக்கக்கூடாது என்பதற்காக மூன்று பேனாக்கள் வாங்கிவரச் சொன்னது நாம்தான். ஷ்வாப்பைப் பற்றி எழுதும்போது இதை மறைப்பது முறையன்று.

மீண்டும் தகடுகளுக்கு வருவோம். அமெரிக்காவில் கவசம் செய்தவை இரண்டே நிறுவனங்கள் என்ற நிலையில், விலைபற்றிய ஐயங்களும் எழுந்தன. பெத்லகேம் நிறுவனம் ரஷ்யாவுக்கு டன் 249 டாலர் வீதம் கவசம் விற்க முன்வந்த செய்தி 1890களின் நடுவில் வெளியானது. தாய்நாட்டுக் கடற்படையிடம் அது வாங்கியது அதைப்போல் இருமடங்குக்கும் மேல். கடைக்காரரை நம்ப முடியாதபோது வீட்டிலேயே உலை வைப்பது என்ற முடிவுக்கு நாடாளுமன்றம் வந்துசேர 1916 ஆயிற்று. மேற்கு வர்ஜீனியாவின் சவுத் சார்ல்ஸ்டனில் அரசுக் கவச ஆலை எழுந்தது. அதற்குள் ஷ்வாப் 1901இல் அமெரிக்க எஃகுக் கழகமாகிய யு.எஸ். ஸ்டீலின் முதல் தலைவராக இருந்துவிட்டு, பின்னர் பெத்லகேமின் தலைவராகவும் ஆகியிருந்தார். 1893இன் கறை அவர் ஏறிய படிகளில் ஒன்றையும் வழுக்கச் செய்யவில்லை.

இன்று கவச எஃகைச் சான்றளிக்கும் முறைகள் எவ்வளவோ நுணுக்கமானவை. ஒவ்வொரு உருக்குக்கும் ஓர் எண். அந்த எண்ணின் கீழ் வேதியியல் கூறுகள். கடினத்தை அளக்கும் பிரினெல் சோதனை. குளிரில் எஃகு நொறுங்குமா என்று பார்க்கும் சார்ப்பி சோதனை. இந்தக் கடைசிச் சோதனை எளிமையானது. விரல் பருமனுள்ள எஃகுத் துண்டில் சிறு வெட்டு இட்டு, உறைபனிக்கும் கீழே குளிர வைத்து, ஊசல் போன்ற சம்மட்டியால் ஓர் அடி. உடையும்போது அது எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்பதே மதிப்பெண். இவற்றோடு துப்பாக்கியாலும் பீரங்கியாலும் சுட்டுப் பார்ப்பதும் தொடர்கிறது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. சோதிக்கப்படுவது ஒரு துண்டு. சான்று பெறுவது ஒரு தொகுதி.

வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில், அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களின் உடற்பகுதிக்கான எஃகு வார்ப்புகளைச் செய்த ஆலை ஒன்று இருந்தது. தகடுகள் அல்ல, வார்ப்புகள். ஆனால் சான்றளிக்கும் வழி ஒன்றே. அதன் உலோகவியல் தலைவர் 1985 முதல் 2017 வரை, 240க்கும் மேற்பட்ட உருக்குகளின் சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதி வந்தார் என்பது நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. கடற்படைக்காக அந்த ஆலை உருக்கிய எஃகில் இது ஏறத்தாழப் பாதி. ஒரு சோதனையைப் பாரன்ஹீட் அளவில் சுழியத்துக்கு நூறு பாகை கீழே, அதாவது செல்சியஸில் மைனஸ் 73இல் நடத்த வேண்டும் என்ற விதியை அவர் மூடத்தனமானதாகக் கருதியிருக்கிறார். சில எண்களை மாற்றியதற்கு அவர் சொன்ன காரணம் அதுதான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் ஹோம்ஸ்டெட்டில் சொன்ன அதே மறுமொழி. 2022 பிப்ரவரியில் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறையும் 50,000 டாலர் அபராதமும் விதித்தார்கள்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் யாருக்கும் தெரியாத இந்தச் செயல் வெளிப்பட்டதற்கும் ஒரு தொழிலாளியே காரணம். 2017இல் அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவர், சோதனை அட்டைகளைப் புரட்டும்போது எண்கள் திருத்தப்பட்டிருப்பதைக் கண்டு மேலிடத்தில் சொன்னார். கப்பல் எதுவும் முறியவில்லை. அந்த வார்ப்புகளைத் தாங்கிய நீர்மூழ்கிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை பாதுகாப்பாக இயங்குவதை உறுதிசெய்யும் செலவும் உழைப்பும் கடற்படையின் தலையில் விழுந்தன.